கரப்பானுக்குக் காரணம் கத்தரிக்காயா?

கரப்பான் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுபவை கத்தரிக்காயும் கருவாடும். பெரியவர்களைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் நிரபராதிகள். நாங்கள் விசாரிப்பது தோலைத் தொடும் பொருள்களை. தொப்புளருகே அரித்தால் பெல்ட் கொக்கியிலுள்ள நிக்கலையும், நெற்றியோரம் அரித்தால் தலைச்சாயத்தையும் ஐயுறுகிறோம். கண்ணிமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் சேர்ந்து தடித்திருந்தால், காற்றில் பரவும் பார்த்தீனியத் துகள் காரணமாகலாம். செடியைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. செவ்வந்தியும் அக்குடும்பமே என்பதைப் பூக்கட்டுவோர் நினைவிற்கொள்க.

ஐயத்தைத் தீர்ப்பது ‘பேட்ச் டெஸ்ட்’ எனும் ஒட்டுப் பரிசோதனை. முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து அகற்றி, 96ஆம் மணி நேரத்தையொட்டி மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையலாகாது. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கோ, மருத்துவரைக் கேளாமல் பாலையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள், வளர்ச்சி குன்றக்கூடும்.