நானூறு ரூபாய் ரேடியோ
ஏலமலை வாசல் – 12

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தூக்குவாளியை மடியில் வைத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டினால் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். இன்னொரு மாநிலத்தில் காயெடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வந்து வீட்டில் உலை வைக்கிறவர்கள் இந்த ஊர்ப் பெண்கள்.

அப்படி ஜீப் ஓட்டுகிற ஒருவரின் மனைவி, ஊருக்குள் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை பார்க்கிறார். முன்பு அவரும் மலையேறியவர்தான். முழங்கால் வலி வந்த பிறகு கீழேயே இருந்துவிட்டார். போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காம்பு உதிர்த்துச் சல்லடையில் சலித்த காய் அவர் முன்னால் குவிந்து கிடந்தது. வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம், பூச்சி கடித்துச் சொறி விழுந்த காய் ஒரு பக்கம் என்று விரல்கள் தாமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. நல்ல பச்சையில் பருத்த காய் மட்டும் மடிக்கு அருகே சேர்ந்துகொண்டே வந்தது. கையை நிறுத்தாமல்தான் கேட்டார்.

“அண்ணே, மகன் லண்டனுக்குப் போயி மியூசிக் படிக்கணும்ங்கிறான். வீட்டுப் பட்டாவ வச்சாத்தான் பேங்குல கடன் குடுப்பாங்களாம். வைக்கலாமாண்ணே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே மலையடிவாரத்தில் வேறொரு தாய் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றிருக்கிறார். இந்த வாரம் அவருடைய வீட்டுக்கு உங்களை அழைத்துப்போகிறேன்.

போடியிலிருந்து தெற்கே, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே போனால் தேவாரம் வரும். அதையும் தாண்டினால் பண்ணைப்புரம். சின்னத்தாயம்மாளின் ஊர். 1943-ல் அவருக்குப் பிறந்த பிள்ளைக்கு ஞானதேசிகன் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ராசையா. உலகத்துக்கு இளையராஜா.

அந்த வீட்டில் முதலில் பாட்டைத் தொழிலாக எடுத்தவர் மூத்தவர், பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடியவர். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலை ஏற்றி, வயற்காட்டிலும் தோட்டத்திலும் உழைக்கிற சனத்துக்குப் புரிகிற சொல்லில் பாடுவார். அந்த ஆர்மோனியத்தைத் தம்பிகள் தொடக் கூடாது. தொட்டால் அடி விழும். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துக் கற்றுக்கொண்டதாக இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, இந்த மலை மேல் தமிழர்கள் நிறைந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாக, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்களிடம் பேச மலையாள மேடைப் பேச்சு போதாது. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் மலையேறினார். பாட்டாலேயே தோட்டம் தோட்டமாக ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டென்று இன்றும் அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருஷங்களில்தான் ராசையாவும் அண்ணனோடு மேடையேறத் தொடங்கினார். முதலில் பெண் குரலில் பாடுகிற பையன். குரல் உடைந்ததும் அதுவரை தொடக் கூடாதென்றிருந்த ஆர்மோனியமே கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பகலெல்லாம் கூடை சுமந்து களைத்தவர்கள். பாட்டு பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். இசையைப் பள்ளிக்கூடத்தில் வைத்து எழுதுகிற எந்தப் பரீட்சையும் இதைவிடக் கடினமாக இருந்திருக்காது. இந்தப் பரீட்சையை அவர் ஏறக்குறைய பத்து வருஷம் எழுதினார்.

இதற்கிடையே இன்னொரு வாசலும் திறந்தது. தேனி அல்லிநகரத்துக்காரர் ஒருவர் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தபடி, நாடகம், சினிமா என்று கனவு கண்டுகொண்டிருந்தார். பண்ணைப்புரத்துச் சகோதரர்களோடு அவருக்குச் சிநேகம் உண்டாயிற்று. அவர் முதலில் சென்னைக்குப் போனார். பின்னாளில் அவர்தான் இயக்குநர் பாரதிராஜா.

1968 வாக்கில் பாவலரின் தம்பிகளும் கிளம்ப முடிவு செய்தார்கள். கையில் காசில்லை. அம்மாவிடம் போய் நின்றார்கள். சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, பணத்தை முழுசாகப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். இளையராஜா மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிற செய்தி இது.

அன்றைக்குக் கிராமத்து வீட்டில் ரேடியோ என்றால் சும்மா ஒரு பெட்டியா? அந்த வீட்டின் காது அது. பிள்ளைகள் பாட்டு உண்டாக்கப் போவதற்காக, தான் பாட்டுக் கேட்கிற பொருளை அந்தத் தாய் விற்றிருக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

சென்னைக்குப் போனபோது ராசையாவுக்கு வயது இருபத்தைந்து. சினிமா வாய்ப்பு உடனே கதவைத் திறக்கவில்லை. மயிலாப்பூர் சாயி லாட்ஜில் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். பியானோ, கிட்டார், மேற்கத்திய இசைக் குறிப்பு எழுதும் முறை, பல குரல்களை ஒன்றோடொன்று இசைந்து ஓடவிடுகிற இலக்கணம் எல்லாம் அங்கே கிடைத்தன. பண்ணைப்புரத்து ஆர்மோனியக்காரர் அந்த அறையில் பாக், பீத்தோவன் என்று படித்தார். பொழுதெல்லாம் அங்கேயே கிடந்தார். ராசையாவை மாஸ்டர் ‘ராஜா’ என்று கூப்பிட்டார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்வைச் சென்னையிலிருந்தபடியே எழுதித் தங்கப் பதக்கமும் வாங்கினார். விமானம் ஏறாமலே அவர் படித்த வெளிநாட்டுப் படிப்பு இது.

இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார். இப்படியே வருஷங்கள் ஓடின. 1976-ல் திரைக்கதாசிரியர் பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’ படத்தைக் கொடுத்து, ராஜாவை ‘இளையராஜா’ ஆக்கினார். அப்போது வயது முப்பத்திரண்டு. தம்பியின் பெயரைத் திரையில் பார்க்கப் பாவலர் இல்லை. அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.

இந்த மலையின் சரக்கு சீமைக்குப் போனது ஒன்றும் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து, தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. மலையின் பாட்டு அதே ஊருக்குப் போக எத்தனை காலம் பிடித்தது பாருங்கள். லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து இளையராஜா சிம்பொனி செய்தது 1993-ல். வயது ஐம்பது. அந்தப் படைப்பு வெளியாகவில்லை. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது வயது 81.

கணக்கைப் பாருங்கள். மலையேறி இறங்கிப் பாடியது பத்து வருஷம். சென்னையில் படித்ததும் காத்திருந்ததும் எட்டு வருஷம். ஒரு தாயின் 400 ரூபாய்க்கு முன்னால் பத்து வருஷ உழைப்பு நின்றிருக்கிறது, பின்னால் எட்டு வருஷப் படிப்பு நின்றிருக்கிறது. அதனால்தான் அந்தப் பணம் வீண் போகவில்லை.

இன்றைக்கு வருவோம். கலை படிக்க வெளிநாடு போக நினைக்கிற பிள்ளையின் வீட்டில் விற்பதற்கு ரேடியோ இல்லை, வீட்டுப் பட்டா இருக்கிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கிகள் சொத்துப் பிணை கேட்கின்றன. படிக்கிற காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்பார்கள். வட்டி மட்டும் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ‘பகுதி நேர வேலை பார்த்தே அடைத்துவிடலாம்’ என்று ஏஜென்ட் சொல்வார். பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. மாணவர் விசாவில் போனவர் சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராகத் தொழில் செய்து சம்பாதிக்கவும் கூடாது. கடையில் தட்டுக் கழுவிச் சம்பளம் வாங்கலாம், கச்சேரி செய்து வாங்க முடியாது. இசை படிக்கப் போகிற பிள்ளையும், பட்டா வைக்கிற பெற்றோரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய இசைக்குழு ஒன்று நேரில் வாசிப்பதைக் கேட்பது, நல்ல ஸ்டுடியோவில் உட்காருவது, வேறு நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படைப்பது, இதெல்லாம் பெரிய கொடுப்பினை. ஆனால் லண்டனுக்கு முன்னால் நடுவில் ஒரு படி இருக்கிறது. 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி, லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பாடம் நடத்தியிருக்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஓவியம், சிற்பம் என்றால் எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள். போய்ப் படிக்க வழியும் இருக்கிறது: 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் சென்னைக்கே நேராக ஓடத் தொடங்கிவிட்டது. இந்த மண்ணில் நின்றபடியே உலகத்துக்குப் படம் காட்டியவர்களும் உண்டு. இந்த மலையில் சுமை தூக்குகிற, ஏலத்தோட்டத்தில் உழைக்கிற சனத்தின் வாழ்க்கையை லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யாக எடுத்தார். 2018-ல் வெளிவந்தது. அதற்கு இசை இளையராஜா.

பட்டாவைப் பற்றி அந்த அம்மா கேட்ட அன்று சாயங்காலமே ஜீப்காரர் வீட்டுக்குப் போனேன். பையனுக்குப் பத்தொன்பது வயது. கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறான். “மாப்ள, நீயா செஞ்சது ஏதாச்சும் இருந்தா போடு, கேப்போம்” என்றேன்.

கொஞ்சம் தயங்கினான். “மூணு பாட்டு இருக்கு மாமா. ரெண்டு, வெளிநாட்டுக்காரங்க மாதிரியே போட்டது. மூணாவது இன்னும் முடியல.”

“முடியாததப் போடு.”

லேப்டாப்பில் போட்டான். முதலில் ஜீப் ஏற்றத்தில் திணறுகிற சத்தம். கியர் மாறுகிறது. அதன் மேல் பெண்கள் குரல், தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் தொடங்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற தெம்மாங்கு. சில வருஷங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் அப்பாவோடு முன் சீட்டில் போனபோது போனில் பிடித்தது என்றான். வளைவு வருகிற இடத்தில் குரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தன. அடியில் அவன் சேர்த்திருந்த நாதம் எங்கும் முந்திக்கொள்ளாமல் கூடவே வந்தது.

அடுப்படியிலிருந்த அம்மா கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். தொடங்கிப் பாடியது அவர்தான். மலையேறுவதை விடுவதற்கு முந்தின வருஷத்துக் குரல். முழுதும் கேட்கும் வரை நிலைப்படியிலேயே நின்றார்.

“இதத்தான் இத்தன நாளா காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தியா?” என்றார் மகனிடம். அவன் தலையை ஆட்டினான்.

என் பக்கம் திரும்பினார். “பட்டாவப் பத்தி அப்புறம் பேசுவம்ணே. மொதல்ல இவன் இத முடிக்கட்டும்.”

(தொடரும்)