விரலில் குத்துவதா, கையில் ஒட்டுவதா? சுகர் பார்க்க யாருக்கு எது சரி?

எங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால், அம்மா விரலில் ஊசி குத்திக்கொண்டாயிற்று என்று அர்த்தம். 118, 122, 115... நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். எல்லாம் நல்ல எண்கள்தான். ஆனால், மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் மட்டும் 7.9 வந்து நின்றது. "யாருக்கும் தெரியாம ஸ்வீட் சாப்பிடுறியா?" என்று அப்பா கேட்கப்போய், இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க, பெங்களூரிலிருந்து அக்கா ஆன்லைனில் ஒரு சென்சார் வாங்கி அனுப்பினாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டம். மேல்கையின் பின்பக்கத்தில் ஒட்டினால் 14 நாள்கள் அங்கேயே இருக்கும். குளிக்கலாம், தூங்கலாம். போனை அருகில் காட்டினால் சுகர் எவ்வளவு என்று திரையில் வரும். எண் மட்டுமல்ல, நாள் முழுக்க அது எப்படி ஏறி இறங்கியது என்ற கோடும் வரும்.

அந்தக் கோடு இரண்டாம் நாளே உண்மையைச் சொல்லிவிட்டது. காலை ஆறு மணிக்கு 120. எட்டு மணிக்கு நாலு இட்லி, சாம்பார். ஒன்பதேகால் மணிக்கு 246. பத்து மணிக்கும் 210-க்குக் கீழே வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மெல்ல இறங்கி, சாப்பிட்டதும் மறுபடி ஏற்றம். மாலை டீயோடு இரண்டு ரஸ்க், இன்னொரு ஏற்றம். அம்மா எந்த ஸ்வீட்டும் சாப்பிடவில்லை. நாளின் அமைதியான நேரத்தில் மட்டும் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம். அப்பா மன்னிப்புக் கேட்டாரா என்பது வேறு கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அந்த விலையுயர்ந்த சென்சார் தேவையே இல்லை. டிபனில் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, இருபது ரூபாய் ஸ்ட்ரிப் ஒன்றைச் செலவழித்திருந்தால் வீட்டில் இருந்த குளுக்கோமீட்டரே சொல்லியிருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தது எங்கள் தவறு.

இரண்டும் அளப்பது ஒரே இடத்தில் அல்ல

குளுக்கோமீட்டர் அளப்பது விரல் நுனி ரத்தத்தை. ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி, ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மிகச்சிறிய மின்னோட்டத்தை வைத்து மீட்டர் கணக்குப் போடுகிறது. சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. முடி போன்ற ஒரு மெல்லிய இழை தோலுக்கு அடியில் சென்று, செல்களைச் சுற்றியிருக்கும் திரவத்தில் குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதனால், சாப்பிட்டதும் வேகமாக ஏறும்போதும், நடந்துவிட்டு வந்து வேகமாக இறங்கும்போதும் சென்சார் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கியே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டிலும் பார்த்துவிட்டு, 'ஒன்று ரிப்பேர்' என்று முடிவுகட்ட வேண்டாம்.

மீட்டரிலேயே அடுத்தடுத்து இரண்டு முறை குத்தினாலும் ஒரே எண் வராது. சர்வதேசத் தர விதிப்படி, 100-க்கு மேல் இருக்கும் அளவுகளில் 15 சதவிகிதம் வரை முன்பின் இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிகள். நூற்றுக்கு 95 அளவுகள் இதற்குள் இருந்தால் அந்த மீட்டர் தேர்ச்சி. ஆய்வகத்தில் 200 இருப்பவருக்கு வீட்டு மீட்டர் 175 காட்டினால் அது பழுதல்ல.

நடுராத்திரி 61

சென்சார் ஒட்டிய மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. மறுநாளும் அதே. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. அம்மா சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று, சர்க்கரையைக் கீழே இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் என்னவாகும் என்று இணையத்தில் தேடிப் படித்துவிட்டு எனக்குத்தான் வியர்த்தது. "ராத்திரி மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றார் அப்பா.

அடுத்த நாள் இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அம்மா இடது பக்கம் ஒருக்களித்து நல்ல தூக்கம். சென்சார் ஒட்டியிருந்ததும் அதே இடது கை. போனில் 61. கையோடு குளுக்கோமீட்டரையும் எடுத்து வந்திருந்ததால் விரலில் குத்திப் பார்த்தேன். 109. "ஏன்டா, பகல்ல குத்துனது போதாதா?" என்று கேட்டுவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடல் எடை சென்சாரை அழுத்தும்போது அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறையும். சென்சாரும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். மறுநாளிலிருந்து வலது பக்கம் படுக்கச் சொன்னோம். பள்ளம் காணாமல் போனது. அன்று மீட்டர் கையில் இல்லாமல் இருந்திருந்தால், தேவையான மாத்திரையை நாங்களாகவே நிறுத்தியிருப்போம். சென்சார் வாங்கிவிட்டோம் என்று மீட்டரைப் பரண் மேல் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் விரலைக் குத்திப் பாருங்கள்.

நிஜமாகவே 70-க்குக் கீழே இருந்து, விழிப்போடும் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த மறுபரிசோதனைக்கும் மீட்டரே நல்லது. சென்சார் ஏற்றத்தைத் தாமதமாகத்தான் காட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அப்படியென்றால் யாருக்கு சென்சார்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகள், ஒரு நாளைக்குப் பல முறை இன்சுலின் போடுபவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்கள், அது வருவதே தெரியாமல் மயங்கிவிடுபவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள். இவர்களுக்கு சென்சார் ஆடம்பரம் இல்லை. அதிலும், சர்க்கரை இறங்கும்போது தானாக அலாரம் அடிக்கும் வகை முக்கியம். எல்லா சென்சாரிலும் அலாரம் கிடையாது. போனைக் காட்டினால் மட்டும் சொல்பவையும் உண்டு. வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரவில் பிள்ளைக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை விரலைக் குத்திப் பார்க்கும் பெற்றோருக்கு அந்த அலாரம் தரும் தூக்கத்துக்கு விலையே இல்லை.

ஆனால் பணத்துக்கு விலை உண்டே! ஒரு சென்சார் சுமார் ஐயாயிரம் ரூபாய். மாதம் இரண்டு என்றால் பலருக்கு அது வீட்டு வாடகை. நல்ல மீட்டரோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, கட்டுப்பாட்டில் இருப்பவர் ஆண்டு முழுக்க சென்சார் ஒட்ட வேண்டியதில்லை. எங்கள் அம்மாவைப் போல் கணக்கு உதைக்கும்போது, டாக்டரிடம் கேட்டு ஒரே ஒரு முறை 14 நாள்கள் ஒட்டிப் பார்ப்பது நடுவழி. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இதில் பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டக்கூடியது மீட்டர்தான்.

அதையாவது சரியாகப் பயன்படுத்துகிறோமா? மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால், விரலில் ஒட்டிய சாறும் சேர்ந்துதான் அளவில் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, மூடியை உடனுக்குடன் இறுக்கி மூடுங்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதமே அதைக் கெடுத்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ரத்தசோகை இருந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டலாம் என்பதால் டாக்டரிடம் சொல்லிவையுங்கள். இன்னொன்று, நம் ஊருக்கே உரிய அன்பு: பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அதே குத்தும் கருவியில் பார்த்துக் கொடுப்பது. வேண்டவே வேண்டாம். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் அந்தக் கருவி வழியாகவும் பரவும்.

சென்சாருக்கும் சில பத்தியங்கள் உண்டு. ஒட்டிய முதல் நாள் அளவை முழுதாக நம்ப வேண்டாம். சில சென்சார்கள், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் கூட்டிக் காட்டும். சிலவற்றை பாராசிட்டமால் குழப்பும். பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குப் போகும்போது சென்சார் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

'ஊசியே வேண்டாம், கையில் கட்டினால் சுகர் தெரியும்' என்று விளம்பரத்தில் வரும் வாட்ச், மோதிரம்? அவற்றை நம்பி வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அது அப்போது அனுமதி கொடுத்திருக்கவில்லை. சென்சார் அனுப்பும் அளவைத் திரையில் காட்டும் வாட்ச் வேறு. தானே அளப்பதாகச் சொல்லும் வாட்ச் வேறு.

14-ம் நாள் சென்சார் தன் வேலையை முடித்துக்கொண்டது. அறிக்கையைப் பார்த்த டாக்டர் இரவு மாத்திரையைத் தொடவில்லை; காலை மாத்திரையை மாற்றினார். நாலு இட்லி இரண்டாகி, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது. மாலை ரஸ்க்குக்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இப்போது 'டிக்' சத்தம் ஐந்தரை மணிக்குத் தினமும் கேட்பதில்லை. திங்கள், வியாழன் காலை பத்து மணிக்குக் கேட்கிறது. நாள்காட்டித் தாளில் கடைசியாக எழுதியிருக்கும் எண் 164.