எல்லையோர வகுப்பறை – 11: மண்டியும் சாலும்

சென்ற வாரம் உச்சரிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். பாடநூலின் ஆங்கில வரிக்கு மேலே, பென்சிலால் தமிழ் எழுத்தில் ஒலியை எழுதி வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளைப் பற்றி. இந்த வாரம் பொருளுக்கு வருகிறேன்.

பள்ளிப்பட்டுப் பக்கம் பிளஸ் டூ வகுப்பில் டென்னிசனின் ‘யுலிசிஸ்’ நடத்திக்கொண்டிருந்த ஒரு மதியம். கவிதையின் தொடக்கத்திலேயே ‘லீஸ்’ என்று ஒரு சொல் வரும். அர்த்தம் கேட்டேன். பின்வரிசைப் பையன் எழுந்து, “வீட்டை லீஸுக்கு விடுறது சார்” என்றான். வகுப்பே தலையாட்டியது. அவன்மேல் குற்றமில்லை. ஊரில் அந்த ஒலிக்கு இருக்கிற பொருள் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, சொல்லும் வேறு.

யுலிசிஸ் வயதான அரசர். ஊர் ஊராகக் கடலில் அலைந்து திரிந்தவர், வீடு திரும்பிய பிறகும் உட்கார முடியாமல் தவிக்கிறார். வாழ்க்கையில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கப்போவதில்லை என்று அவர் சொல்லும் இடத்தில்தான் இந்த ‘லீஸ்’ வருகிறது. மதுப் பாத்திரத்தின் அடியில் தங்கும் கசடு. பிள்ளைகள் கையிலிருந்த கைடு இதற்கு ‘செடிமென்ட்’ என்று பொருள் கொடுத்திருந்தது. லீஸ் தெரியாத பிள்ளைக்குச் செடிமென்ட் எப்படித் தெரியும்? ஒரு பூட்டைத் திறக்க இன்னொரு பூட்டைக் கொடுத்தது போலத்தான் அது.

“கஷாயம் வடிகட்டாம வெச்சா சட்டி அடியில என்ன நிக்கும்?” என்று கேட்டேன்.

“மண்டி, சார்.”

அடுத்த நொடி ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். அவள் வீட்டில் தெலுங்கு. பாட்டி சொல்லும் சொல்லும் கிட்டத்தட்ட இதுதான், நடுவில் இருக்கும் ‘ண்’ மட்டும் இல்லை என்றாள். ஆமாம், தமிழிலும் தெலுங்கிலும் அது ஒரே சொல். கவிதையில் யுலிசிஸ் எதைக் குடிக்கப் போகிறார் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மண்டியின் கசப்பு அவர்கள் நாக்குக்கே தெரியும்.

அன்றைக்கே இன்னொரு சொல்லும் கிடைத்தது: ‘ஃபர்ரோ’. கவிதையின் கடைசிப் பகுதியில், துடுப்பு போட்டுக் கடலைக் கிழித்துக்கொண்டு போவதைச் சொல்லும் இடம். கைடில் ‘ட்ரென்ச்’ என்றிருந்தது. பதுங்குகுழி என்று புரிந்துகொண்ட ஒரு பையன், கடலில் எப்படிக் குழி வெட்டுவார்கள் என்று நியாயமாகக் கேட்டான். கரும்பு போடுவதற்கு முன் நிலத்தில் என்ன செய்வார்கள் என்று திருப்பிக் கேட்டேன். “பார் புடிச்சு சால் ஓட்டுவாங்க.” ஃபர்ரோ என்றால் அந்தச் சால்தான். தெலுங்கில் ‘சாலு’. கடலை வயலாகவும் துடுப்பை ஏராகவும் பார்த்தார் டென்னிசன். கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏர் ஓடிய வயலைத் தினமும் தாண்டி பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த உவமை நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டுவதற்கு முன்பே எட்டிவிடும்.

இந்த ஊருக்கு ஏன் இரண்டு மொழி என்பதை வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி–பள்ளிப்பட்டு வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், பிறகு எல்லைத் தகராறில் மத்தியஸ்தம் செய்த படாஸ்கரின் பரிந்துரை, 1959இல் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் இந்தப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, வீட்டுக்குள் பேசும் மொழி நகரவில்லை. கொசஸ்தலை ஆறும் அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்தப் பக்கம் வருகிறது.

இப்படி வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று என்று வளரும் பிள்ளையைப் பார்த்து, ‘இதுக்கு எதுவுமே சரியா வராது’ என்று சொல்லும் ஆசிரியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1888இல் இதே திருத்தணியில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, உள்ளூரிலும் திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போன ஒருவர் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக அமர்ந்தார். ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் வீட்டு மொழி என்னவென்பதையும் அந்த நாளில் வகுப்பில் சொல்ல வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம். நீளமான சொல்தான் கடினம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் நீளமான சொல் ஆபத்தில்லாதது. தெரியாது என்று தெரிந்துவிடுவதால் அகராதியை எடுப்பார்கள். தெரிந்தது போல முகம் காட்டும் சின்னச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். அதே பாடநூலில் ஷேக்ஸ்பியரின், உலகமே நாடக மேடை என்ற பேச்சு இருக்கிறது. அதில் நடுத்தர வயது நீதிபதியைப் பற்றிச் சொல்லும்போது ‘சா’ என்ற சொல் பன்மையில் வரும். பாதிப் பேர் ‘பார்த்தான்’ என்று எழுதினார்கள். மீதிப் பேர் ‘ரம்பம்’. நீதிபதியின் வாய் நிறைய ரம்பமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆங்கிலக் கவிதை என்றால் புரியாமல்தான் இருக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கு வருத்தம் தருவது தப்பான பொருள் இல்லை, இந்த ஒப்புதல்.

அந்தச் ‘சா’வுக்குப் பழமொழி என்று பொருள். ‘சொல்’ என்பதற்கான ஆங்கில வினையும் இதுவும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நம்மூரிலும் ‘சொல்’லிலிருந்துதானே ‘சொலவடை’ வந்தது! இதைக் கரும்பலகையில் எழுதியபோது, ‘சா’ ஏன் பழமொழியாக வேண்டும் என்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. நியாயம் கிடைத்த சொல் எளிதில் மறக்காது. அதே பேச்சில் படைவீரனின் தாடிக்கு உவமையாக வரும் ‘பார்ட்’, சிறுத்தை. தெலுங்கில் ‘சிருத’. நீதிபதியின் வயிற்றைச் சொல்லும் இடத்தில் ‘கேபன்’, காயடித்த சேவல். அந்தக் காலத்து நீதிபதிகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்று உரையாசிரியர்கள் எழுதுவார்கள். அதைச் சொன்னதும் அந்தத் தொப்பைக்கு இன்னொரு பொருள் வந்துவிடுகிறது. வகுப்பு சிரிக்கிறது. ஷேக்ஸ்பியர் எதிர்பார்த்த சிரிப்பும் அதுவாகத்தான் இருக்கும்.

நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில், ‘நாற்றம்’. ஆண்டாள் திருமாலின் துளசியைப் பாடும்போது நாற்றம் என்றால் நறுமணம். இன்று பேருந்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் மூக்கைப் பொத்துகிறோம். சொல் தேய்ந்து வேறாவது தமிழில் நடந்தால் இலக்கியம், ஆங்கிலத்தில் நடந்தால் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

தேர்வைக் குறை சொல்ல நான் வரவில்லை. வினாத்தாள் இணைச்சொல், எதிர்ச்சொல் கேட்டுத்தான் தொடங்குகிறது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைக்கு அந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் பட்டியலை உருப்போடுவது அந்த மதிப்பெண்ணுக்கும் நல்ல வழியில்லை. ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885இல் ஞாபகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்துப் பார்த்தவர். ஒப்பிட்டுப் பார்க்க பைரனின் ‘டான் ஹுவான்’ கவிதையையும் மனப்பாடம் செய்தார். பொருளற்ற அசைகளுக்குப் பட்ட பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கவிதைக்குத் தேவைப்பட்டது. பொருள் பிடிபடாத சொற்பட்டியல் நம் பிள்ளைக்கு வெறும் அசைகள்தான். கையில் கவிதை இருக்கும்போது அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டியலைக் கொடுக்கிறோம்.

ஆகவே என் வகுப்பில் சொல் நோட்டுக்கு வேறு வழி வைத்தேன். ஒரு சொல் எந்த வரியில் வருகிறது, அந்த வரியில் யார் யாரிடம் என்ன மனநிலையில் பேசுகிறார், அதற்கு வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள். இந்த மூன்றும் எழுதிய பிறகுதான் லிப்கோ அகராதியைத் திறக்கலாம். திறந்தாலும் முதல் பொருளோடு நிற்கக் கூடாது, மூன்றாவது நான்காவது வரை இறங்க வேண்டும். எட்வின் மியூரின் ‘தி காஸில்’ கவிதையில் கோட்டையின் சின்ன வாசலைக் காக்கும் காவலாளிக்கு ‘விசன்ட்’ என்று ஓர் அடைமொழி. வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ‘வத்திப்போன’, ‘ஒணந்துபோன’, ‘சுருங்கின’ என்று நோட்டுகளில் வந்தன. ‘எங்க தாத்தா மாதிரி’ என்று ஒரே ஒரு பையன் எழுதியிருந்தான். அந்தக் கிழவன் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டபோது அவனுக்குத்தான் கோபம் அதிகம் வந்தது.

கி.ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே நூலில் இருக்கிறது. தமிழ் மூலத்தைத் தேடிப்பிடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வைத்தேன். எந்தக் கரிசல் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவேயில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கி.ரா. வீட்டில் தெலுங்கு பேசிய குடும்பத்துப் பிள்ளை, சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊரைப் பற்றிய கதை என்று சொன்னபோது, முன்வரிசையில் சில முகங்கள் நிமிர்ந்தன. அதை இன்னும் விரிவாக வேறு ஒரு வாரம் எழுதுகிறேன்.

கடைசியாக டோரு தத். கல்கத்தாவில் 1856இல் பிறந்து 21 வயதில் காசநோயில் இறந்துபோன பெண். தன் வீட்டுச் சவுக்கு மரத்தையும், அதனடியில் கூட விளையாடி முன்னாலேயே இறந்துவிட்ட உடன்பிறந்தவர்களையும் நினைத்து எழுதிய கவிதை அவள் மறைவுக்குப் பின் 1882இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ‘கேஷுரைனா’ என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்வார்கள். பந்தலுக்கு நடும் சவுக்குக் கொம்புதான் அது என்றதும் மிரட்சி போய்விடும். மலாய் மொழியில் கேசொவரிப் பறவைக்குள்ள பெயரிலிருந்து வந்தது, அதன் இறகு போல இலை தொங்குவதால்.

கவிதையை முதலில் பொருள் சொல்லாமல் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். இரண்டாம் பத்தி முடியும்போது, அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். விடியலில் பாடும் பறவைகளுக்கு டோரு வைத்த பெயர் ‘கோகிலாஸ்’. தெலுங்கு வீட்டுப் பெண் அவள்.

“சார், இது எங்க சொல்லு சார். குயிலு.”

“ஆமாம்மா.”

“இங்கிலீஷ் கவிதைல எப்படி சார் வந்துச்சு?”

புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். அந்த வரியை அவளே எழுந்து நின்று வாசித்தாள். ஒலிக்காக மேலே பென்சிலால் எதுவும் எழுதியிருக்கவில்லை.

(தொடரும்)