எண்ணெயும் தண்ணீரும்

ஒற்றுமையின்றி வாழும் இருவரைக் கண்டால், 'எண்ணெயும் தண்ணீரும் போல் இருக்கின்றனர்' என்று உலகத்தார் கூறுவர். அவ்விரு பொருள்களுக்கும் இயல்பிலேயே பகை உண்டு என்னும் எண்ணத்தினின்று எழுந்தது இவ்வுவமை. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எண்ணெய் நீரின்மேல் மிதத்தலைக் கண்டு, அது இலேசானதாகையால் கலவாது என்பார் சிலர். சாராயச் சத்து எண்ணெயினும் இலேசானது. எனினும் நீருடன் எவ்வளவு சேர்ப்பினும் கலந்துவிடுகிறது. குளோரோபாரம் நீரினும் கனத்தது. எனினும் பெரும்பாலும் கலவாமல் அடியில் தங்குகிறது. ஆகவே மேல் கீழ் என்னும் நிலையைக் கனம் வகுக்குமேயன்றிக் கலப்பை வகுக்காது என்பது தெளிவு.

உண்மைக் காரணம் நீரின் இயல்பில் உளது. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. அவை நேர்கோட்டில் நில்லாது வளைந்து நிற்றலால், ஆக்ஸிஜன் உள்ள புறத்தில் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் உள்ள புறத்தில் சிறிது நேர்மின்னும் தோன்றுகின்றன. எனவே ஒன்றன் ஹைட்ரஜன் மற்றொன்றன் ஆக்ஸிஜனைப் பற்ற, அனைத்தும் கைகோத்து நிற்கின்றன. இப்பிணைப்பின் வலிமையை ஓர் ஒப்புமையால் உணரலாம். ஹைட்ரஜன் ஸல்பைடு மூலக்கூறு நீரினதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கனமுடையது. ஆயினும் அது பூஜ்யத்திற்குக் கீழ் 60 பாகை சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுகிறது. நீருக்கோ 100 பாகை வெப்பம் வேண்டும்.

இனி, எண்ணெயின் இயல்பைக் காண்போம். எள்ளின் நெய்யே எண்ணெய். நம் மொழி நெய்யையும் எண்ணெயையும் ஓரினமாகவே வைத்தது. ரசாயன நூலும் அங்ஙனமே கூறும். இரண்டும் கிளிஸெரினும் கொழுப்பமிலங்களும் கூடியவை. கொழுப்பமிலம் என்பது பெரும்பகுதி நீண்ட கரியணுத் தொடரே. அத்தொடரில் மின் வேற்றுமை மிகச் சிறிதாகையால் நீர் பற்றுதற்கேற்ற கை அதற்கு இல்லை. அதனைச் சூழும் நீர் மூலக்கூறுகள், தம்முள் கொண்ட பிடியை விடாதிருக்கும் பொருட்டு, ஓர் ஒழுங்கில் ஒடுங்கி நிற்க நேர்கிறது. விரும்பியவாறு திரும்பும் உரிமையை இழக்கின்றன. எண்ணெய் பல சிறு துளிகளாகப் பிரியுந்தோறும் இவ்வாறு கட்டுண்ணும் நீர் மிகும். துளிகள் ஒன்றுகூடுந்தோறும் குறையும். கலக்கி வைத்த எண்ணெய் மீண்டும் திரண்டு மேலே வருவதன் மருமம் இதுவே.

ஆயின், எண்ணெயை நீர் வெறுக்கிறதோ? பெஞ்சமின் பிராங்க்ளின் என்பார், லண்டனை அடுத்த கிளாபம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை விட, அது ஏறக்குறைய அரை ஏக்கர் பரவி அலைகளை அடக்கியதை 1774-ல் எழுதி வெளியிட்டார். இத்தகைய ஏடு ஒரே மூலக்கூற்றின் கனமுடையது என்பதையும், ஆக்ஸிஜன் உள்ள முனை நீரைத் தொட, கரித்தொடர் மேல்நோக்கி நிற்கும் என்பதையும் 1917-ல் இர்விங் லாங்மியூர் விளக்கினார். பகையாயின் எண்ணெய் இங்ஙனம் நீரைத் தழுவுமோ? நீர் எண்ணெயை வெறுக்கவில்லை. தன் இனத்தை மிக நேசிக்கிறது, அவ்வளவே. சவர்க்காரத்தின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றுதலால் அது இவ்விரண்டிற்கும் இடையே தூது நடக்கிறது.

இக்கலவாமையால் விளையும் நன்மையும் பெரிது. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றையும் கொழுப்பினத்தாலாகிய இரட்டை ஏடு ஒன்று சூழ்ந்துள்ளது. உள்ளும் புறமும் நீரேயாயினும் அவ்வேடு கரைந்து போவதில்லை. எண்ணெய் நீரில் கரையுமாயின் அச்சுவர் நில்லாது. சுவரின்றேல் உயிரணுவும் இல்லை, நாமும் இல்லை. ஆதலின் இவ்விரண்டையும் பகைவர்க்கு உவமையாக்குமுன், நம் உயிரைக் காக்கும் சுவர் அவை தனித்து நிற்பதால் எழுந்தது என்பதை நினைவோமாக.