புதுநாட்டில் ஆசிரியப் பணியும் மொழியும்: இஸ்தான்புல் பல்கலைக்கழகம் காட்டும் சான்று

கற்றவர் ஒருவர் தம் நாட்டை விட்டுப் பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்பாராயின், அவர் அங்கு எப்போது நிலைபெறுகிறார் என்னும் வினா எளியது போலத் தோன்றும். ஆயின் விடை எளிதன்று. ஊதியமும் உறையுளும் கிடைத்த அன்றே நிலைபெற்றார் என்பாரும் உளர். நூலகமும் ஆய்வுக்கூடமும் அமைந்த பின்னரே நிலைபெறுவார் என்பாரும் உளர். அந்நாட்டு மாணவர்க்கு அவர்தம் மொழியிலேயே பொருளை உணர்த்த வல்லராகும் நாளிலேயே ஆசிரியர் அங்கு வேர்கொள்ளத் தொடங்குகிறார் என்பது எமது கருத்து. இதனை ஆராய்தற்கு, 1933 ஆம் ஆண்டு முதல் ஜெர்மன் மொழி பேசும் அறிஞர் பலர் துருக்கியில், சிறப்பாக இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில், பணியேற்ற வரலாறு தக்க சான்றாகும். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒத்த ஒப்பந்தங்களின்கீழ்ப் பலர் அமர்ந்தமையின், அவர்தம் வாழ்வை ஒப்புநோக்கிக் காண இவ்வரலாறு இடந்தருகிறது.

இடம் நேர்ந்த வகை

1933 ஏப்ரல் 7 இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட அரசுப்பணிச் சட்டம், யூதரையும் அரசியல் மாறுபாடு உடையாரையும் அரசுப் பணியினின்று நீக்க வழிவகுத்தது. ஆண்டுதோறும் பெயர்பெற்று விளங்கிய பேராசிரியர் பலர் ஓரிரு திங்களில் வாழ்வு இழந்தனர். அவருள் ஒருவராகிய பிலிப் ஷ்வார்ட்ஸ் என்னும் நோயியல் அறிஞர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரை அடைந்து, தம்மைப் போன்றார்க்கு வெளிநாடுகளில் பணி தேடித்தரும் அமைப்பு ஒன்றை நிறுவினார்.

அதே காலத்தில் துருக்கி தன் உயர்கல்வியைப் புதுக்க முற்பட்டிருந்தது. ஜெனீவாப் பேராசிரியர் ஆல்பர்ட் மால்ஷ் என்பார் அந்நாட்டு அரசின் வேண்டுகோட்கு இணங்கி 1932 இல் அறிக்கை ஒன்று அளித்தார். அதனைத் தழுவி, ‘தாருல்ஃபுனூன்’ எனப் பெயரிய பழைய கல்விநிலையம் 1933 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. மறுநாள் ஆகஸ்டு 1 இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் தோன்றியது. இவ்விரு நிகழ்ச்சிக்கும் முன்னரே, ஜூலை 6 இல், ஷ்வார்ட்ஸ் அங்காராவிற் கல்வியமைச்சர் ரெஷித் காலிப்பைச் சந்தித்தார். ஒரே அமர்வில் ஏறத்தாழ முப்பது பேராசிரியர்க்கு இடம் முடிவாயிற்று. 1453 இல் இந்நகர் துருக்கியர் கைப்பட்டபோது அறிஞர் பலர் இத்தாலிக்குச் சென்றனர் என்றும், அவ்விழப்பை ஈடுசெய்யும் நாள் இதுவே என்றும் அமைச்சர் கூறியதாக ஷ்வார்ட்ஸ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. பழைய நிலையத்தின் துருக்கிய ஆசிரியர் பலர் புதிய பல்கலைக்கழகத்தில் இடம் பெறாது வெளியேற்றப்பட்டனர். அங்கே வேலை இழந்து வந்தவர், இங்கே வேலை இழந்தவரின் இருக்கையில் அமர நேர்ந்தது. மேலும், அயல்நாட்டுப் பேராசிரியர்க்கு அளித்த ஊதியம் உள்நாட்டார் ஊதியத்தினும் மிகுதி. ஆதலின், வந்தவர் எதிர்கொண்ட நன்றியுணர்வோடு மனக்கசப்பும் கலந்தே இருந்தது. இந்நிலையில், தாம் அந்நாட்டிற்கு உரியவர் என்பதைச் செயலால் மெய்ப்பிக்க வேண்டிய கடமை அவர்மேல் வந்து நின்றது.

ஒப்பந்தமும் வகுப்பறையும்

ஒப்பந்தத்தின் கூறுகளுள் ஈண்டுக் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகட்குள் துருக்கி மொழியைக் கற்று அதிலேயே பாடஞ்சொல்ல முயலவேண்டும் என்பது. மற்றொன்று, மாணவர்க்குப் பாடநூல்கள் ஆக்கித் தரவேண்டும் என்பது. அதுவரையில் ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளிற் பேசலாம். உடனிருக்கும் உதவியாசிரியர் அதனை மொழிபெயர்ப்பார்.

மொழிபெயர்த்துச் சொல்லுதல் எத்துணைக் கடினமானது என்பதைத் தமிழ் கற்றார் எளிதில் உணர்வர். துருக்கி மொழி நம் மொழியைப் போலவே ஒட்டுநிலை உடையது. ‘எவ்’ என்பது வீடு. ‘லெர்’ என்பது பன்மை விகுதி. ‘இமிஸ்’ என்பது ‘எம்முடைய’ எனப் பொருள்தரும் உருபு. ‘தெ’ என்பது இடவேற்றுமை உருபு. இவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ‘எவ்லெரிமிஸ்தெ’ என ஒரே சொல்லாகி, ‘எம் வீடுகளில்’ என்னும் பொருளைத் தரும். வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னே வரும். ஜெர்மன் மொழியிலோ, பெயரை விளக்கும் நீண்ட தொடர் பெரும்பாலும் பெயருக்குப் பின்னரே தொடரும். எனவே பேராசிரியர் தம் வாக்கியத்தை முடிக்குங்காறும் மொழிபெயர்ப்பாளர் வாய்திறத்தல் அரிது. முடித்த பின் அவர் அதனைத் தலைகீழாக மாற்றி அமைத்துச் சொல்லவேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கழியும். மாணவன் ஐயம் வினவின், வினாவும் விடையும் இருமுறை பயணம் செய்யும்.

இடர் இவ்வளவில் நின்றதில்லை. கற்கவேண்டிய மொழியே அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1928 நவம்பரில் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து புகுத்தப்பட்டது. 1932 இல் தோன்றிய மொழிக்கழகம் அரபு, பாரசீகச் சொற்களை விலக்கித் துருக்கியச் சொற்களை ஆக்கும் பணியை மேற்கொண்டது. ஆசிரியர் வருந்திக் கற்ற கலைச்சொல் அடுத்த ஆண்டிலேயே வழக்கொழிதல் கூடும். 1936 இல் வந்த எரிக் அவுயர்பாக், 1937 சனவரியில் வால்ட்டர் பெஞ்சமினுக்கு எழுதிய மடலில், இருபத்தைந்து வயதிற்கு உட்பட்ட இளைஞர் பத்தாண்டுகட்கு முற்பட்ட நூலையே படித்துணர இயலாதவராயினர் என வருந்தியுள்ளார். வந்தவரும் அந்நாட்டு இளைஞரும் ஒருவகையில் ஒரே நிலையில் இருந்தனர் என்பது இதனாற் புலனாகும். இருவரும் புதிய மொழியையே கற்றுக்கொண்டிருந்தனர்.

இருவகை வழிகள்

மொழியைக் கற்றவரும் கல்லாதவரும் அடைந்த நிலைகளை இனி நோக்குவோம்.

சட்ட அறிஞர் எர்னஸ்ட் ஹிர்ஷ் 1933 இல் வணிகச் சட்டப் பேராசிரியராக வந்தவர். அவர் துருக்கி மொழியை முயன்று கற்றார். சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர் இன்றியே பாடஞ்சொன்னார். அம்மொழியிலேயே சட்டநூல்கள் எழுதினார். 1943 இல் துருக்கியக் குடிமகனாகி, அங்காராப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். 1951 இல் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் வரைவு அவர் கைப்பட்டது. 1956 இன் வணிகச் சட்டத் தொகுப்பிலும் அவர் பங்கு உண்டு. ஒரு நாட்டின் சட்டத்தை அந்நாட்டு மொழியில் எழுதும் பொறுப்பு அயலவராக வந்த ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது எனின், அவர் அடைந்த நிலை எத்தகையது என்பது வெளிப்படை.

பொருளியல் அறிஞர் ஃபிரிட்ஸ் நாய்மார்க்கும் இவ்வழியினரே. துருக்கி மொழியிற் பாடஞ்சொல்லும் ஆற்றல் பெற்ற அவர், 1949 இன் வருமானவரிச் சட்டம் உருவாவதில் பெரும்பங்கு கொண்டார். வேதியியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஆர்ண்ட் முதல் உலகப்போர்க் காலத்திலேயே, 1915 முதல் 1918 வரை, இந்நகரிற் பணியாற்றி மொழியறிந்தவர். மீண்டும் வந்தபோது அவர்க்கு அவ்வறிவு கைகொடுத்தது. வேதியியல் நூல்களை அவர் துருக்கி மொழியில் ஆக்கினார். கலைச்சொற்களை அமைப்பதிலும் உதவினார்.

மற்றொரு வழியைக் காட்டுவார் அவுயர்பாக். பதினோராண்டு இஸ்தான்புல்லில் வாழ்ந்தும் அவர் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே கற்பித்தார். ‘மிமேசிஸ்’ என்னும் அவர்தம் பெருநூல் 1942 மே முதல் 1945 ஏப்ரல் வரை அந்நகரில் எழுதப்பெற்று, 1946 இல் பெர்ன் நகரில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஐரோப்பிய ஆராய்ச்சிக்கு வேண்டிய நூலகம் அங்கு இல்லை என்றும், இருந்திருப்பின் நூல் எழுதப்படாமலே போயிருத்தல் கூடும் என்றும் அவரே அதன் முடிவுரையிற் குறித்துள்ளார். குறையே ஆக்கமாயிற்று என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் அந்நூல் இஸ்தான்புல்லில் தோன்றியதன்றி, இஸ்தான்புல் மாணவர்க்காகத் தோன்றியதன்று. 1947 இல் அவர் அமெரிக்கா சென்றார்.

இங்கு ஒரு தடை எழும். அவுயர்பாக்கிற்கு முன் அவ்விருக்கையில் இருந்த லியோ ஷ்பிட்ஸர் துருக்கி மொழியில் ஆர்வங்கொண்டு கற்றவர்; அம்மொழியைக் கற்கையில் தமக்குத் தோன்றியவற்றை 1934 இல் ‘வார்லிக்’ என்னும் துருக்கிய இதழிற் கட்டுரையாக எழுதியவர். அவர் 1936 இலேயே அமெரிக்கா சென்றமையின், மொழியறிவு ஒருவரை நிலைநிறுத்தும் என்பது பொருந்துமோ எனின், கூறுதும்: ஓரிடத்தில் நெடுநாள் தங்குதல் வேறு, அவ்விடத்தில் வேர்கொள்ளுதல் வேறு. தங்குதல் ஊதியம், போர் அச்சம், பிறவிடத்து அழைப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. ஹிர்ஷும் நாய்மார்க்கும் பின்னர் ஜெர்மனிக்குத் திரும்பினர். ஆயின் அவர் திரும்பிய பின்னும் அவர் ஆக்கியவை அந்நாட்டு மொழியிலும் சட்டத்திலும் எஞ்சி நின்றன. வேர் என்று யாம் கூறுவது அதனையே.

மொழிபெயர்த்தவர் நிலை

இவ்வரலாற்றிற் பெரிதும் பேசப்படாதவர் மொழிபெயர்த்த இளைஞர். பேராசிரியர் அருகே நின்று அவர் சொற்களைத் தம் மொழியில் வழங்கியவர் அவரே. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் முதன்முதல் துருக்கி வடிவம் தேடவேண்டிய சுமை அவர் நாவின்மேல் இருந்தது. ஸுஹெய்லா பைராவ் என்பார் இவ்விரு பேராசிரியரிடமும் பயின்றவர். அவுயர்பாக் மாணவர்க்கென எழுதிய உரோமானிய மொழிநூல் முன்னுரையைத் துருக்கி மொழியில் ஆக்கினார். அது 1944 இல் வெளிவந்தது. பின்னர் அவரே அத்துறையிற் பேராசிரியரானார். ஷ்பிட்ஸரின் மாணவியாகிய அஸ்ரா எர்ஹாத், அங்காராவில் செம்மொழிப் பேராசிரியர் கியோர்க் ரோடெ என்பாரின் பாடங்களை மொழிபெயர்க்கும் பணியேற்றார். பிற்காலத்தில் ஹோமரின் காப்பியங்களைத் துருக்கியிற் பெயர்த்தோருள் ஒருவராக விளங்கினார். வந்தவர் சென்ற பின்னும் கல்வி நின்றது இத்தகையோராலேயே. ஆதலின், புதிதாக வரும் பேராசிரியர் தம் மொழிபெயர்ப்பாளரைக் கருவியாக எண்ணாது, தம் இருக்கைக்கு அடுத்து உரியவராக எண்ணிப் பயிற்றுதல் கடன்.

நாடற்றோர்

பல்கலைக்கழகம் தந்த இடம் எத்துணை உறுதியற்றது என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1941 நவம்பர் 25 இன் ஜெர்மானிய ஆணை வெளிநாட்டில் வாழும் யூதரின் குடியுரிமையைப் பறித்தது. அத்தகையோரைக் குறிக்க, நாடற்றவர் எனப் பொருள்படும் ‘ஹைமத்லோஸ்’ என்னும் ஜெர்மன் சொல் துருக்கி மொழியிலேயே புகுந்தது. மொழிக்கழகம் அயற்சொற்களைக் களைந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவர் தம் துயரைக் குறிக்கும் ஒரு சொல்லை அம்மொழிக்கு அளித்துவிட்டனர்! 1944 ஆகஸ்டில் துருக்கி ஜெர்மனியோடு உறவை முறித்தபோது, ஜெர்மானியர் பலர் சோரும், யோஸ்காத், கிர்ஷெஹிர் ஆகிய உள்நாட்டு ஊர்களில் காவலில் இருத்தப்பட்டனர். ஷ்பிட்ஸரைத் தொடர்ந்து 1934 இல் வந்த டிராவ்கோட் ஃபுக்ஸ் என்னும் ஆசிரியர் சோரும் ஊரில் ஓராண்டுக்கு மேல் இருக்க நேர்ந்தது. அங்கு அவர் அவ்வூரையும் மக்களையும் ஓவியமாக வரைந்தார். போர் முடிந்தும் அவர் திரும்பவில்லை. இஸ்தான்புல்லிலேயே கற்பித்து வாழ்ந்து, 1997 இல் அந்நகரிலேயே மறைந்தார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். பிறநாட்டுப் பணியிற் பொருளும் இடமும் பிறர் தரத்தக்கவை. மொழியோ தாமே முயன்று பெறத்தக்கது. அம்முயற்சிக்கு ஒப்பந்தம் தூண்டுகோலாகலாம். மாணவர் மீதுள்ள அன்பே அதனை நிறைவேற்றும். வருபவர்க்கு மொழி கற்கக் காலமும், உடனிருந்து பணிபுரியும் உள்நாட்டு இளைஞர்க்கு உயர்வும் தருதல் அழைத்த பல்கலைக்கழகத்தின் கடமை. தமிழாசிரியர் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் இந்நாளில், செல்வோரும் அனுப்புவோரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். தம் பொருளை மாணவர் மொழியில் முதன்முதல் பிழையோடேனும் சொல்லத் துணியும் நாள் எதுவோ, அந்நாளே ஆசிரியர் புதுநாட்டிற் பணியேற்ற நாள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.