கட்டிலைச் சூழ்ந்த சுற்றம்

மறைத்து வைக்கும் வியாதி

2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாய் நடந்து திரட்டிய நிதியால் எழுந்து, 2013 இல் திறக்கப்பெற்ற தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமைக்குச் செல்லும் நெடும்பயணத்தை யாழ்ப்பாணத்தார் பலருக்குக் குறைத்ததாயினும், "அம்மாவுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், அவ தாங்கமாட்டா" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் இரகசியமாய் வேண்டிக்கொள்ளும் நம்மவர் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாயோ, பிள்ளைகளின் முகக்குறிப்பால் யாவற்றையும் அறிந்துகொண்ட பின்னரும், "அதுகள் யோசிக்குங்கள்" என்றெண்ணி ஒன்றுமறியாதவள்போல இருந்துவிடுகிறாள். அன்பின் நிமித்தம் இருசாராரும் ஆடும் இந்நாடகத்தில், மரணபயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒருவருமின்றித் தனித்துப்போகிறவள் அவளே. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பது உத்தமம் என்பது என் துணிபு.

சுபாவம்

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998 இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் நூலின் ஆசிரியர், நம் மக்கள் மனத்துயரைப் பெரும்பாலும் சரீர உபாதையாகவே வெளியிடுவர் என்பதை எடுத்துக்காட்டியவர். குடும்பக் கஷ்டம் வெளியில் தெரியலாகாதென்று வாழ்நாளெல்லாம் அடக்கிப் பழகியவர், தலையிடி, பெருமூச்சு, நித்திரையின்மை என்றே முறையிடுவார். தேகத்தில் காரணமுண்டோ என்று முதலில் சோதித்தறிதல் அவசியம்; அதன் பின்னும் முறைப்பாடு தொடருமாயின் மனத்தையும் விசாரிக்கவேண்டும். வீட்டை ஆண்டு பழகிய தகப்பனாருக்கு, பிறர் கையால் குளிக்க நேர்வது நோயினும் கொடிய அவமானம். எப்பொழுது குளிப்பது, எதை உண்பது என்பனவற்றையேனும் அவரே தீர்மானிக்கட்டும்.

உறவு

148 ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி, வலுவான உறவுடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமென்று கண்டது. ஆயினும் எல்லா உறவும் ஔஷதமன்று. தோடம்பழப் பையுடன் வருத்தம் பார்க்க வந்து, "எங்கடை பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது" என்று தொடங்கும் பந்துவை வாசலிலேயே உபசரித்து அனுப்பிவிடுதல் புண்ணியம். கனடாவிலிருந்து நாடோறும் தொலைபேசியில் யோசனை கூறும் மகன், இரவிரவாய் விழித்திருந்து பராமரிக்கும் தமக்கைக்கு ஒருநாள் ஓய்வு கிடைக்க வழிசெய்வானாயின் அது தாய்க்குச் செய்த பேருதவியாகும். களைத்தவளின் சிடுசிடுப்பு நோயாளியைத் தைக்காமல் விடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமற்றிருப்பவரை வைத்தியரிடம் காட்டுக. வாழ்வு வேண்டாமென்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்கவேண்டாம். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தவாறே அழைக்கலாம்.