ஐயர் வேடத்தில் அப்துல் ஹமீத்! ‘மரிக்கார்’ வேடத்தில் ராமதாஸ்! சிலோன் ரேடியோ சிரிப்புக் கூட்டம் தெரியுமா?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, ஆரோவில்லை ஒட்டி இருக்கிறதே இடையஞ்சாவடி, அங்கிருந்து நூல் பிடித்தாற்போல நேர் தெற்கே போனால் எந்த ஊர் வரும் தெரியுமா? கொழும்பு! தூரம் சுமார் 560 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன! சிலோன் ரேடியோ நம் கரையோரத்தில் உள்ளூர் ரேடியோ மாதிரி கேட்டதில் ஆச்சரியம் உண்டா?

அந்த ரேடியோ பிறந்த கதை தெரியுமா? முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டுதான் 1923-இல் கொழும்பில் முதல் சோதனை ஒலிபரப்பே நடந்தது! போர்க்கப்பலின் கருவி பாட்டுப் பெட்டியாகிவிட்டது!

1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. அவ்வளவுதான்! இந்தியாவே கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியது! 1957-இல் விவித் பாரதி வந்ததே அதற்குப் பதிலடியாகத்தான்!

சரி, சிரிப்புக்கு வருவோம். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நாடகத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1970-களில் இலங்கை வானொலியில் கலகலத்த தொடர் அது. எழுதி நடித்தவர் எஸ். ராமதாஸ். முக்கியப் பாத்திரங்கள் நாலே நாலு பேர். நாலு பேருக்கும் நாலு விதத் தமிழ்!

இங்கேதான் அதிசயம்! முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக வந்தவர் ராமதாஸ்! ஐயராக வந்து பிராமணத் தமிழில் வெளுத்து வாங்கியவர் யார் தெரியுமா? பி.எச். அப்துல் ஹமீத்! யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக டி. ராஜகோபால், சிங்களவர் பேசுகிற மாதிரி தமிழை உடைத்துப் பேசும் உபாலியாக செல்வசேகரன்! வேஷம் கிடையாது, முகம் கிடையாது, குரல் ஒன்றுதான் முதலீடு! எந்த மேடை நாடகத்துக்கும் குறையாத சாதனை இது என்று அடித்துச் சொல்வேன்.

பாத்திரத்தின் பெயரே ஆளோடு ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அவர் ‘மரிக்கார்’ ராமதாஸ், இவர் ‘உபாலி’ செல்வசேகரன், அவர் ‘அப்புக்குட்டி’ ராஜகோபால்!

ரேடியோ நாடகம் சினிமாவான கதை தெரியுமா? 1976-இல் ‘கோமாளிகள்’ படம் வந்தது! காதால் மட்டுமே கேட்ட முகங்களைப் பார்க்கத் தியேட்டருக்கு ஓடினார்கள் ரசிகர்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களில் பெரிய வெற்றி கண்டது அது! கையோடு 1978-இல் ‘ஏமாளிகள்’ வந்தது!

அப்புறம்? 1983 ஜூலை. இனக்கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. பல படங்களின் மூல நெகட்டிவ்கள் அங்கேயே சாம்பலாயின. இலங்கைத் தமிழ் சினிமாவின் முதுகெலும்பே முறிந்தது. கலைஞர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். நாலு விதத் தமிழையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துச் சிரிக்கவைத்த நாட்டுக்கா இந்தக் கதி! நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

தீவையே சிரிக்கவைத்த ராமதாஸ் கடைசியில் எங்கே காலமானார் தெரியுமா? கடல் கடந்து, நம் சென்னையில்! ஆண்டு 2016.

‘ஐயர்’ என்ன ஆனார் என்கிறீர்களா? ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று தொலைக்காட்சியில் தமிழ்நாட்டையே பாடவைத்தாரே, அவரேதான்! இன்னொன்று தெரியுமா? 2000-இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் பேசிய ஈழத் தமிழுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இந்த ஹமீத்தான்! கொழும்பில் பிறந்தவர், ரேடியோவில் ஐயராகச் சிரிக்கவைத்தவர், உலக நாயகனுக்கு வட்டார வழக்குக்கு வாத்தியார்! படத்தில் ஒரு காட்சியில் அவரே தலைகாட்டவும் செய்தார்!

உங்கள் வீட்டுப் பரணில் சிலோன் ரேடியோவைப் பதிவு செய்த பழைய கேசட் ஏதாவது கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! இன்றைக்கே தூசு தட்டி, செல்போனுக்கு மாற்றி வையுங்கள்!